பழைய கோல்ஃபா, பழைய மெர்சிடிஸா?

கேள்வி: பெர்லினில் வசிக்கிறேன். எதிர்வீட்டுப் பெரியவர் தம்முடைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரை எனக்கு விற்க விரும்புகிறார். மூன்றாம் தலைமுறை, 1.8 லிட்டர் பெட்ரோல், 1997 மார்ச்சில் முதல் பதிவு. அன்றுமுதல் அவர் ஒருவரே உரிமையாளர். இன்னொரு பக்கம், 1991ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 250 டி ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது. பிற்காலத்தில் கிளாசிக் மதிப்பு பெறக்கூடியது எது? 'எச்' நம்பர் பிளேட் வாங்கினால் வரி குறையுமாமே, உண்மையா?

பதில்: வரிக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், இரண்டு கார்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ஜெர்மனியில் பழமைச் சிறப்புள்ள வாகனங்களுக்கான 'எச்' பிளேட் 1997இல் நடைமுறைக்கு வந்தது. முதல் பதிவிலிருந்து 30 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். வாகனம் பெரும்பாலும் மூல நிலையில், பேணிக் காக்கத் தகுந்ததாக இருக்கிறது என்று டியூஃப், டெக்ரா போன்ற வாகனச் சோதனை அமைப்பு ஒன்றின் பரிசோதகர் சான்றளிக்க வேண்டும். அதன்பின், இன்ஜின் எவ்வளவு பெரியதானாலும் ஆண்டு வரி 191.73 யூரோ மட்டுமே. உங்கள் கோல்ஃப் 2027 மார்ச்சில் இந்தத் தகுதியை எட்டும். மெர்சிடிஸ் ஏற்கெனவே எட்டிவிட்டது.

ஆனால் கோல்ஃபுக்கு இதனால் லாபமா என்பது அதன் பதிவுச் சான்றிதழில் எழுதியிருக்கும் புகைத்தர வகுப்பைப் பொறுத்தது (யூரோ 1, யூரோ 2 என்று எண் கூடக் கூடப் புகை குறைவு). பெட்ரோல் காருக்கு ஒவ்வொரு 100 கன சென்டிமீட்டருக்கும் யூரோ 1 வகுப்பில் 15.13 யூரோவும், யூரோ 2 வகுப்பில் 7.36 யூரோவும் வரி. 1.8 லிட்டர் இன்ஜினை 18 பங்காகக் கொண்டால், முதல் வகுப்பில் ஆண்டுக்கு 272 யூரோவும் இரண்டாவதில் 132 யூரோவும் வரும். அதாவது, உங்கள் கார் யூரோ 2 என்றால் 'எச்' பிளேட் வாங்கியபின் இப்போது கட்டுவதைவிடக் கூடுதலாகவே கட்டுவீர்கள். மெர்சிடிஸின் கதை வேறு. அந்த 2.5 லிட்டர் டீசல் இன்ஜினுக்கு யூரோ 1 வகுப்பிலேயே ஆண்டுக்கு 684 யூரோ ஆகும். அதற்கும் கீழான வகுப்பு என்றால் இன்னும் அதிகம். தவிர, பெர்லினின் உள்வட்ட ரயில் பாதைக்குள் புகை குறைந்த வண்டி என்பதற்கு அடையாளமாகக் கண்ணாடியில் ஒட்டும் பச்சை வில்லை இல்லாத வாகனங்கள் நுழையக் கூடாது. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி பொருத்திய உங்கள் பெட்ரோல் கோல்ஃபுக்கு அந்த வில்லை கிடைக்கும். பழைய டீசலுக்குக் கிடைக்காது. 'எச்' பிளேட் உள்ள கார்களுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு என்பதால், அந்த மெர்சிடிஸை நகருக்குள் ஓட்டுவதற்கே அந்தப் பிளேட் தேவைப்படும்.

இனி, மதிப்பு. மூன்றாம் தலைமுறை கோல்ஃப் 1991 முதல் 1997 வரை ஏறத்தாழ 48 லட்சம் தயாரிக்கப்பட்டது. சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது அதன் வேக மாடல்களான ஜிடிஐயையும் 2.8 லிட்டர் விஆர்6ஐயும்தான். பிங்க் ஃபிளாய்ட், ரோலிங் ஸ்டோன்ஸ் பெயரில் வந்த சிறப்புப் பதிப்புகளுக்கும் ஓரளவு கிராக்கி உண்டு. சாதாரண 1.8 லிட்டர் கார் அந்த விலைகளை எட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாங்கிப் பூட்டி வைத்தால் பணம் பெருகும் என்ற எண்ணம் இருந்தால், கொட்டகை வாடகையும் காப்பீடும் அந்தப் பெருக்கத்தை விழுங்கிவிடும். இருந்தாலும், சாதாரண மாடல்களை யாரும் போற்றிப் பாதுகாக்காததாலும், பலவற்றை இளைஞர்கள் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தி, அகலச் சக்கரம் மாட்டி உருக்குலைத்துவிட்டதாலும், கை படாத ஒன்று கிடைப்பது இன்று அரிதாகிவிட்டது. ஒரே உரிமையாளர், முத்திரை குத்திய சர்வீஸ் புத்தகம், தொழிற்சாலையில் பொருத்திய கேசட் ரேடியோ ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால், குறைந்த கிலோமீட்டர் ஓடிய கார் என்ற பெருமையைவிட அவற்றை நான் உயர்வாக மதிப்பேன்.

அந்தத் தலைமுறைக்கு உண்மையான எதிரி துரு. டிக்கிக் கதவின் கண்ணாடி ஓரத்தையும் பூட்டைச் சுற்றியுள்ள பகுதியையும் முதலில் பாருங்கள். பிறகு பெட்ரோல் மூடியைத் திறந்து, அங்குள்ள ரப்பர் வளையத்தின் விளிம்பை விரல் நுனியால் சற்றே விலக்கிப் பாருங்கள். அடியில் மண்ணும் ஈரமும் தேங்கி, பெயின்ட் கொப்புளம் போல் எழும்பியிருந்தால், உள்பக்கத் தகடு ஏற்கெனவே அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் அடிப்பெட்டியும் ஜாக்கி வைக்கும் இடங்களும் அதைவிட முக்கியம், ஏனென்றால் அங்கே வெல்டிங் வேலை தொடங்கினால் செலவு காரின் விலையையே தாண்டிவிடும். புதிதாக அடித்த கரிய தார்ப்பூச்சைக் கண்டால் மகிழாதீர்கள். அது எதையோ மறைக்கவும் அடிக்கப்பட்டிருக்கலாம். இன்ஜினைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், பாகங்கள் எளிதில் கிடைக்கும். கிடைக்காதவை இருக்கைத் துணியும் உள்பக்கப் பிளாஸ்டிக்கும்தான். ஆகவே, கிழிந்த இருக்கையைவிடத் தேய்ந்த கிளட்சை நான் எளிதில் மன்னிப்பேன்.

மெர்சிடிஸில் பார்க்க வேண்டிய இடம் வேறு. 1989க்குப் பிறகு வந்த அந்த மாடல்களின் பக்கவாட்டில் அகலமான பிளாஸ்டிக் பட்டைகள் உண்டு. அவற்றின் பின்னால் ஒளிந்து வளரும் துருவை, பட்டைகளைக் கழற்றினால்தான் காண முடியும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் விலகிவிடுங்கள். 1993க்குப் பிந்திய வண்டிகளைவிட 1991ஆம் ஆண்டு வண்டிகளின் பெயின்ட் பொதுவாக நீடித்து நிற்கிறது. டாக்சியாக ஓடியதா என்பதையும் பழைய ஆவணங்களில் தேடுங்கள்; அந்த டீசல்களில் கணிசமானவை அந்த வேலையைத்தான் செய்தன.

கிளாசிக் மதிப்பை மட்டும் கேட்டால், மெர்சிடிஸ்தான் முன்னால் நிற்கிறது. ஆயினும் நேரில் பார்க்காமல் நான் சாய்வது கோல்ஃபின் பக்கமே: அதன் முழு வரலாறும் எதிர்வீட்டிலேயே இருக்கிறது, விலையும் குறைவு. பெரியவரிடம் அனுமதி பெற்று, ஒரு பட்டறையில் லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்கச் செய்யுங்கள். அடிப்பெட்டியில் ஓட்டை தெரிந்தால் மெர்சிடிஸைப் பார்க்கப் புறப்படலாம். எந்தக் காரை வாங்கினாலும், கிளாசிக் காப்பீடு தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் அன்றாடப் பயணத்துக்கு வேறொரு கார் உங்களிடம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதால், வேலைக்குப் போவதற்கும் அதையே நம்பியிருக்கிறீர்களா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு விலை பேசுங்கள்.