ஆமியா, மறியலா?

போன மாதம் இந்தப் பக்கத்தில் சுவிஸ் ஆமியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதப் போக, பொத்துவிலில் இருந்து வாகரை வரைக்கும் கடிதம் வந்துவிட்டது. ஆகவே மாமியார் சண்டைகளும் கூந்தல் உதிர்வும் அடுத்த மாதத்துக்கு. இந்த மாதம் முழுக்க இதுதான்.

கேள்வி: என் தம்பி 1991இல் சுவிஸுக்குப் போனவன். அவனுடைய மகன் அங்கேயே பிறந்து அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்துவிட்டான், இப்போது 19 வயது. ஆமிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறதாம், போகாவிட்டால் மறியலாம், சிறையில் போடுவார்களாம். தம்பி இரவிரவாகப் போன் எடுத்து அழுகிறான். நாங்கள் இங்கே ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் கொடுத்த குடும்பம். பொடியன் எதற்குப் போவது? – ஒரு மாமி, களுவாஞ்சிக்குடி

பதில்: மாமி, முதலில் தம்பிக்குப் போன் எடுத்து அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள். ஆமி இல்லாவிட்டால் மறியல் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது முப்பது வருடத்துக்கு முந்திய கதை. அப்போது உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. துவக்குத் தூக்க மாட்டேன் என்ற பொடியன்களை அந்த நாடு வருடா வருடம் மறியலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1992இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பை மாற்றிய பிறகு, 1996 ஒக்டோபரில்தான் சிவில் சேவை என்று மூன்றாவது வழி ஒன்று வந்தது. தொடக்கத்தில் ஒரு குழுவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து தன் மனச்சாட்சி ஏன் இடம் கொடுக்கவில்லை என்று விளக்க வேண்டும். 19 வயதுப் பொடியன் அதை எப்படி விளக்குவான், ஐம்பது தாண்டிய எனக்கே அது வராது. 2009 ஏப்ரலோடு அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது விண்ணப்பம் போட்டு, ஆமியில் இருக்க வேண்டிய நாட்களின் ஒன்றரை மடங்கு வேலை செய்ய வேண்டும். சாதாரணப் படைவீரனுக்கு மொத்தம் 245 நாள், இவனுக்கு 368. முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, மலைப்பக்கத்துப் பண்ணை, காடு என்று வேலைகள் இருக்கின்றன. கூடுதல் நாள் உழைக்கச் சம்மதிக்கிறானே, அதுவே அவன் மனச்சாட்சிக்குச் சாட்சி என்பது அவர்களுடைய கணக்கு. எனக்கு அந்தக் கணக்குப் பிடித்திருக்கிறது.

அதற்கு முன்னால் ஆட்சேர்ப்பில் உடம்பையும் மனதையும் சோதிப்பார்கள். அதிலேயே தகுதியில்லை என்று வந்தால் சிவில் பாதுகாப்பு வேலைக்கு எடுப்பார்கள், அல்லது சில வருடங்களுக்கு வரி கட்டச் சொல்வார்கள். வருமானத்தில் நூற்றுக்கு 3, குறைந்தது வருடத்துக்கு 400 பிராங்க். மறியல் யாருக்கு என்றால், கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, எந்த விண்ணப்பமும் போடாமல், ஆமிக்கும் வரமாட்டேன், மற்றதுக்கும் வரமாட்டேன் என்று நிற்பவனுக்கு. அதற்குச் சட்டத்தில் 18 மாதம் வரைக்கும் இடமிருக்கிறது. நம்முடைய ஆட்களுக்கு அரசாங்கக் கடிதம் என்றால் ஒளித்துவைக்கிற பழக்கம் ஒன்று உண்டு, தம்பியிடம் அதை மட்டும் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். சிவில் சேவையின் விதிகளை இறுக்குகிற முயற்சியும் அங்கே நடந்திருக்கிறது. ஆகவே என்னுடைய பதிலை வைத்துக்கொண்டு இருக்காமல், பொடியன் தன் கன்டோன், அதாவது அங்கத்தைய மாகாண, அலுவலகத்திலேயே நேரே கேட்கட்டும்.

சரி, சட்டம் அவ்வளவுதான். ஆனால் தம்பி அழுவது சட்டத்துக்காக என்று நான் நினைக்கவில்லை. சுவிஸில் பயிற்சிக்குப் போகிற பொடியன்கள் சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது ரைபிளையும் தோளில் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவதுண்டு. ரவையை 2007க்குப் பிறகு வீட்டுக்குக் கொடுப்பதில்லை, துவக்கு வரும். அது அலுமாரிக்குள் இருக்கும். அங்கேயுள்ளவர்களுக்கு அது குடையும் பையும் மாதிரி. ஆனால் வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் பின்பக்கத்து வேலியால் பாய்ந்து ஓடி, ஒருமாதிரி உயிரோடு போய்ச் சேர்ந்தவர் உங்கள் தம்பி. அவருடைய வீட்டுக் கதவையே பச்சை உடுப்போடு ஒருவன் திறந்துகொண்டு வருவான், அது அவருடைய சொந்த மகனாக இருப்பான். அதை நினைத்துத்தான் மனுசன் அழுகிறார்.

இன்னுமொன்று. உங்கள் நாலு பக்கக் கடிதத்தில் பொடியன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரியும் இல்லை. அவனுக்கு ஆமி விருப்பமாகக்கூட இருக்கலாம். கூடப்படித்தவர்கள் எல்லோரும் போகிறார்கள், நானும் இந்த நாட்டுப் பிள்ளைதானே என்று அவன் நினைத்தால் அதைத் துரோகம் ஆக்கிவிடாதீர்கள். இல்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்து எனக்கு முடியாது என்றால், மேலே சொன்ன வழி இருக்கிறது. அவனைக் கேளுங்கள்.

கேள்வி: முகமது அலி ஆமிக்குப் போக மறுத்து ஐந்து வருடம் மறியலில் இருந்தார் என்று நானும், இருக்கவேயில்லை என்று கூட்டாளியும் ஒரு சட்டி எருமைத் தயிர் பந்தயம் கட்டியிருக்கிறோம். யார் வென்றது? – வாழைச்சேனை வாசகர்

பதில்: தயிர் வாங்கக் காசு எடுத்து வையுங்கள், தோற்றது நீங்கள். 1967 ஏப்ரல் 28இல் ஹூஸ்டனில் பெயர் கூப்பிட்டபோது அவர் முன்னுக்கு வரவில்லை. ஜூனில் 5 வருடச் சிறையும் 10,000 டொலர் தண்டமும் தீர்ப்பானது உண்மைதான், ஆனால் மேன்முறையீட்டில் வெளியிலேயே இருந்தார். 1971 ஜூனில் உயர் நீதிமன்றம் 8க்கு 0 என்று தீர்ப்பை ரத்துச் செய்தது. மறியல் இல்லாவிட்டாலும் பட்டத்தையும் உரிமத்தையும் பறித்து மூன்றரை வருடம் மேடையேற விடவில்லை. 25 வயதிலிருந்து 28 வரைக்கும், ஒரு குத்துச்சண்டைக்காரனின் நல்ல வயது அவ்வளவும். அரைச்சட்டி உங்களுக்கும் தரச்சொல்லிக் கூட்டாளியிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இங்கிலிஷ் படங்களில் நீதவான் “ஆமிக்குப் போகிறாயா, ஜெயிலுக்குப் போகிறாயா” என்று கேட்கிறாரே, அப்படி உண்மையில் நடக்குமா? எங்கள் நாட்டிலும் கேட்பார்களா? – அக்கரைப்பற்று, 17 வயது

பதில்: தம்பி, முதலில் நீ என்ன செய்தாய் என்று சொல். பகிடிக்குக் கேட்டேன்.

அமெரிக்காவில் நடந்திருக்கிறது. கிற்றார்க்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1961இல் சியாட்டிலில் களவு கார்களில் போய்ப் பிடிபட்டு, இந்த இரண்டில் ஒன்று என்று வந்தபோது ஆமியில் சேர்ந்தார். பரசூட்டில் குதிக்கிற 101ஆவது படைப்பிரிவு. வீட்டிலிருந்து கிற்றாரை அனுப்பச் சொல்லி எடுப்பித்து அங்கேயும் வாசித்துக்கொண்டே இருந்தார், மேலதிகாரிகளுக்கு ஆள் உருப்படியில்லை என்று விளங்கியது, அடுத்த வருடமே வெளியே விட்டுவிட்டார்கள். இப்போது தண்டனைக்குப் பதிலாக வருகிற ஆளைச் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க ஆமியின் விதியே தடுக்கிறது.

இலங்கையில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. இங்கே கட்டாய ஆமியும் இல்லை. சின்னக் குற்றத்துக்கு மறியலுக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தம் என்று 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி நீதவான் உன்னை ஏதாவது பொது இடத்தைக் கூட்டித் துப்புரவாக்க அனுப்பலாம், அதற்கு மேலே கேட்காதே.

கேள்வி: கொரிய மொழிப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறேன். அங்கே எல்லா ஆம்பிளைகளும் ஆமிக்குப் போக வேண்டுமாமே, வேலைக்குப் போகிற எங்களையும் இழுப்பார்களா? வாப்பா பயப்படுகிறார். – காத்தான்குடி

பதில்: இழுக்க மாட்டார்கள் தம்பி, அது கொரியக் குடிமக்களுக்கு மட்டும். வாப்பாவுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. மத நம்பிக்கையால் ஆயுதம் தூக்க மறுத்தவர்களுக்கு அங்கே வழக்கமாக 18 மாத மறியல். 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்கும் ஒரு மாற்றுச் சேவை இருக்க வேண்டும் என்றது, 2020 ஒக்டோபரில் அது தொடங்கியது. என்ன சேவை தெரியுமா? 36 மாதம் சிறைச்சாலையில் தங்கி அங்கே வேலை செய்ய வேண்டும். மறியலுக்குப் போகாமல் இருப்பதற்கு அதைப்போல இரண்டு மடங்கு காலம் மறியலில் வேலை! சுவிஸ்காரனின் ஒன்றரையைப் புகழ்ந்தேனே, அது இதைப் படித்துவிட்டுத்தான்.

நீ பயப்பட வேண்டியது வேறு. ரஷ்யாவில் சமையல், உதவியாள் வேலை, கைநிறையச் சம்பளம் என்று கதைக்கிற முகவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசையில் போன இலங்கையர் பலர் உக்ரைன் போர்முனையில் நிற்க நேர்ந்தது 2024இல் பெரிய செய்தியானது. விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதே.

கேள்வி: வெளிநாட்டுக் கதையெல்லாம் எழுதுகிறீர்கள். 1989இல் திருக்கோவில் சந்தையில் மீன் வாங்க வந்த என்னை லொறியில் ஏற்றினார்கள், மயிரை வெட்டி, துவக்கைத் தந்தார்கள். யார் என்னிடம் கேட்டது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தம்பிலுவில்

பதில்: ஒருவரும் கேட்கவில்லை ஐயா. அந்த வருடக் கடைசியில் பிள்ளைபிடி என்றால் என்னவென்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். பகலில் வயலுக்குள், இரவில் தோணியில் என்று பொடியன்கள் ஒளித்திருந்தார்கள். பிறகு 2001இல் வீட்டுக்கொரு பிள்ளை என்று வேறு ஆட்கள் வந்தபோது, பதினாறு பதினேழு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்ததை நானே பந்தலில் நின்று பார்த்திருக்கிறேன், மாப்பிள்ளைக்கும் மீசை சரியாக முளைக்கவில்லை.

என் பெரியண்ணனை 1989இல் கொழும்புக்கு அனுப்பினோம், லொட்ஜில் ஒளித்திருக்க. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் அங்கே வைத்து அவனைப் பிடித்தார்கள், மட்டக்களப்பு அடையாள அட்டை, அதைவிட வேறு குற்றம் தேவைப்படவில்லை. ஒன்பது மாதம் மறியல். அம்மா காப்பை அடகுவைத்துப் பார்க்கப் போனா. அது அந்த வருடம் செப்டம்பர் கழிந்த நேரம், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை, எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீடு. வழக்கறிஞர் பிணை எடுக்கலாம் போல இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அம்மா கம்பிக்குள்ளால் அண்ணனின் விரலைப் பிடித்துக்கொண்டு, “இஞ்சயே இரி மனே, வெளியால வராத” என்றாவாம். அண்ணன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

ஐயா, உங்கள் கடிதத்தில் இன்னும் ஏழு பக்கம் இருக்கிறது. பெயர் போடாமல் அதை அப்படியே அடுத்த இதழில் போடலாமா என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.