யுனிசெஃபில் சேர விரும்பும் மகள் எதைப் படிக்கலாம்?

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் யுனிசெஃபில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள். அதற்காக இன்ஜினியரிங் வேண்டாம், சமூகப்பணி படிக்கிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளுடைய ஆசை நல்ல ஆசை, அதைக் கலைத்துவிடாதீர்கள். அந்த வேலைக்குச் சமூகப்பணிப் படிப்பு ஒன்றே வழி என்ற எண்ணத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாம் உலகப் போரில் சிதைந்த நாடுகளின் குழந்தைகளுக்கு உணவும் உடையும் மருந்தும் தர 1946 டிசம்பரில் ஐ.நா. தொடங்கிய அமைப்பு யுனிசெஃப். இந்தியாவில் 1949 முதல் இயங்குகிறது. அரசுகளும் மக்களும் விரும்பித் தரும் பணத்தில்தான் அதன் வேலை முழுக்க நடக்கிறது.

உங்கள் ஊரில் பஞ்சாயத்து அடிபம்பு இருக்கும். அதன் கதையை மகளுக்குச் சொல்லுங்கள். 1966-67இல் பீகாரில் கடும் வறட்சி. பாறையைத் துளைக்கும் ரிக் இயந்திரங்களை யுனிசெஃப் கொண்டுவந்தது. ஆழ்துளைக் கிணறுகள் வந்தன, ஆனால் தண்ணீர் நிலைக்கவில்லை. ஒரு வீட்டின் தேவைக்கென்று செய்த வார்ப்பிரும்பு பம்பை ஊரே நாள் முழுக்க அடித்தால் எத்தனை நாள் தாங்கும்? பம்பு பழுதானதும் பெண்கள் மறுபடி குட்டைக்குப் போனார்கள், பிள்ளைகளுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் பக்கம் உருவாகியிருந்த உறுதியான பம்பு ஒன்றை அடிப்படையாக வைத்து, 1970களில் யுனிசெஃபும் அரசும் சென்னையில் இருந்த ஒரு பொதுத்துறைப் பணிமனையும் சேர்ந்து 'இந்தியா மார்க் 2' பம்பை உருவாக்கின. 1980களில் கோவை வட்டாரக் கிராமங்களில் பம்புகளை நிறுத்திச் சோதித்ததில், ஊர்க்காரர்களே சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய 'மார்க் 3' வந்தது. இந்தப் பம்புகள் ஆப்பிரிக்கக் கிராமங்கள் வரை போயின. இத்தனை குழந்தைகளின் குடிநீருக்குப் பின்னால் நின்றவர்களில் மெக்கானிக்கல் இன்ஜினியர்களும் ஃபிட்டர்களும் உண்டு.

மற்ற பணிகளும் அப்படித்தான். நைஜர், தெற்கு சூடான் போன்ற நாடுகளில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போன குழந்தையைக் கடும் ஊட்டக்குறைவு என்று கணக்கிட்டு, நிலக்கடலையும் பால் பவுடரும் கலந்த பசையைத் தருகிறார்கள். 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி, சமைக்கவோ தண்ணீர் கலக்கவோ தேவையில்லை. அதன் பின்னால் உணவுத் தொழில்நுட்பமும் ஊட்டச்சத்து அறிவியலும் இருக்கின்றன. தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே கிராமம் வரை கொண்டுபோக வேண்டும். அதற்கு ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவரும் வேண்டும், சரக்குப் போக்குவரத்து படித்தவரும் வேண்டும். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார். அந்த நிலைக்கு வர உத்தரப் பிரதேசத்தில் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களிடம் பேசிய பெண்களின் உழைப்பு பெரிது. அங்கேதான் சமூகப்பணியும் தொடர்பியலும் படித்தவர்களுக்கு வேலை.

ஆகவே அவளுக்கு எது நன்றாக வருகிறது என்று முதலில் பாருங்கள். கணக்கு வந்தால் புள்ளியியல் படித்துவிட்டு மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்துக்குப் போகலாம். உணவில் நாட்டம் இருந்தால் கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம். மனிதர்களோடு பழகிப் பேசுவதுதான் பிடிக்கும் என்றால் சமூகப்பணியே சரி. சென்னை சமூகப்பணிக் கல்லூரி 1952 முதல் நடக்கிறது, திண்டுக்கல் பக்கம் காந்திகிராமப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. எதைப் படித்தாலும் முதுகலை தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் தெளிவாக அறிக்கை எழுதத் தெரிய வேண்டும், பிரெஞ்சு தெரிந்தால் மேற்கு ஆப்பிரிக்காவில் மதிப்பு அதிகம்.

படித்த கையோடு யுனிசெஃபில் உட்கார முடியாது, இதை அவளிடம் மறைக்காதீர்கள். முதல் சில ஆண்டுகள் மாவட்ட அளவில், சின்னத் தொண்டு நிறுவனத்தில், குறைந்த சம்பளத்தில் ஒப்பந்த வேலையாக இருக்கலாம். அந்த அனுபவத்தைத்தான் பின்னால் கேட்பார்கள். 18 வயது முடிந்து கல்லூரியில் படிக்கும்போது யுனிசெஃப் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன்: ஆள் எடுப்பதில் எந்தக் கட்டத்திலும் யுனிசெஃப் பணம் கேட்பதில்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று யார் வாட்ஸ்அப்பில் கேட்டாலும் அது மோசடி. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

இப்போதே என்ன செய்யலாம் என்று அவள் கேட்டாளாமே, அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பணம் திரட்ட ஆசைப்பட்டால் உண்டியல் ஏந்த வேண்டாம். உறவினர்கள் அதிகாரப்பூர்வத் தளத்தில் தங்கள் பெயரிலேயே நன்கொடை கொடுத்து ரசீது வாங்கட்டும். வகுப்பில் ஒரு பெண் திடீரென்று பள்ளிக்கு வராமல் நின்று, கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கச் சொல்லுங்கள். இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். காசு திரட்டுவதைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் முகாமும் கிடைக்கும்.

பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவது நம் வழக்கம். போடுங்கள். அவர்களோடு செல்ஃபி எடுத்துப் போட மட்டும் வேண்டாம். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74-வது பிரிவு, அந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. குழந்தைகளுக்காக வேலை செய்யப்போகிறவள் இதை இப்போதே பழகிக்கொள்ளட்டும்.

தேர்வு முடிந்ததும் யுனிசெஃபின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்து, டெல்லி, சென்னை அலுவலகங்களுக்கு வந்திருக்கும் அறிவிப்புகளில் என்ன படிப்பு, எத்தனை ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்த வேலையைப் பற்றிப் படிக்கும்போது அவள் மேலும் மேலும் கேள்வி கேட்கிறாளோ, அதைக் குறித்துக்கொண்டு அவளோடு வாருங்கள். கல்லூரிப் பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று பேரும் பேசுவோம்.