கல்குவாரியில் இறங்கிய கிரகம்

கேள்வி: சென்ற இதழில் 'பிளேக்ஸ் 7' என்கிற பழைய பிபிசி தொடரைப் புகழ்ந்திருந்தீர்கள். நம்பிப் பார்த்தேன். கதவைச் சாத்தினால் சுவர் ஆடுகிறது. எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அதே கல்குவாரி. கடைசியில் எல்லோரும் செத்துப்போகிறார்கள். கோடிகளைக் கொட்டி எடுத்த விண்வெளிப் படங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கிற காலத்தில், இந்த அழுமூஞ்சி அட்டைப்பெட்டி சமாச்சாரத்தில் என்ன இருக்கிறது? பழசு என்றாலே உசத்தி என்கிற வியாதியா?

- வாசகர், ஈரோடு

பதில்: பழசின் மேல் மயக்கம் வர வேண்டுமானால் அது என் பழசாக இருக்க வேண்டும். இந்தத் தொடர் இங்கிலாந்தில் ஓடியது 1978 ஜனவரியிலிருந்து 1981 டிசம்பர் வரை. அப்போது எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. அதிலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கத்தான் கொடுத்துவைத்திருந்தது. நண்பர் ஒருவர் டிவிடியைத் திணித்து, நான் பிளேக்கைப் பார்த்தபோது காதோரம் நரைத்துவிட்டது. ஆகவே வியாதி என்றால் புதிதாகத் தொற்றியது.

சுவர் ஆடுவது உண்மை. ஓடி முடிந்த ஒரு போலீஸ் தொடரின் பட்ஜெட்டைத்தான் இதற்குக் கொடுத்தார்கள். ஒரு காவல் நிலையமும் இரண்டு காரும் காட்டுகிற காசில் வாரம் ஒரு கிரகம் காட்ட வேண்டும். பிபிசி ஸ்டுடியோவில் இரவு 10 மணி அடித்தால் விளக்கை அணைத்துவிடுவார்கள்; அது தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தம். ஒன்பதே முக்காலுக்கு ஒருவர் கதவில் இடித்துச் சுவர் ஆடினால் மறுபடி எடுக்க யாருக்கு நேரம்? போதாததற்கு ஸ்டுடியோவுக்குள் வீடியோ கேமரா, வெளியே 16 எம்எம் பிலிம். ஆள் வாசலைத் தாண்டியதும் படத்தின் நிறமே மாறிப்போகும். இதை நீங்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. உங்கள் தரப்புக்கு நானே எடுத்துக்கொடுக்கிறேன்.

இன்னொன்றும் தருகிறேன். 1953இல் 'குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' என்ற தொடரை பிபிசி நேரலையாக ஒளிபரப்பியது. கடைசிப் பகுதியில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற தேவாலயத்துக்குள் ஒரு ராட்சச உயிரி படர்ந்து நிற்க வேண்டும். அபேயின் புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கி, அதில் ஓட்டை போட்டு, செடிகொடிகளை ஒட்டிய கையுறைகளை மாட்டிக்கொண்டு உள்ளே கையை விட்டு ஆட்டினார்கள். ஆட்டியது கதையை எழுதிய நைஜல் நீலேதான். உங்கள் அட்டைப்பெட்டியாவது ஒரு பெட்டி, அங்கே இருந்தது வெறும் கை.

சரி, 'என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு வருகிறேன். பிளேக்ஸ் 7-இன் முதல் பகுதியை நினைத்துப் பாருங்கள். மக்கள் குவிமாடத்துக்குள் வாழ்கிறார்கள். சாப்பாட்டிலும் தண்ணீரிலும் அடங்கிக்கிடக்க மருந்து. கிளர்ச்சித் தலைவனாக இருந்த பிளேக்கின் நினைவை அரசு ஏற்கெனவே அழித்துவிட்டது. அவன் மீண்டும் பழைய தோழர்களைச் சந்திக்கிறான். கூட்டத்தை அப்படியே சுட்டுத்தள்ளுகிறார்கள். அவனையும் கொன்றால் தியாகியாகிவிடுவானே? ஆகவே சிறு பிள்ளைகளிடம் தகாதபடி நடந்துகொண்டான் என்று வழக்கு. அந்தப் பிள்ளைகளின் மனத்தில் நடக்காததை நடந்ததாகப் பதித்தும்விடுகிறார்கள். சாட்சி சொல்கிற குழந்தை பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சந்தேகப்பட்டுத் தோண்டிய வழக்கறிஞரும் அவர் மனைவியும் குவிமாடத்துக்கு வெளியே பிணமாகக் கிடக்கிறார்கள். பிளேக் கைதிக் கப்பலில் பூமியைவிட்டுப் போகிறான். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற சாயங்கால நேரத்தில் போட்டார்கள் இதை. இதில் எந்த இடத்தில் உங்களுக்குக் கிராபிக்ஸ் போதவில்லை?

நான்காம் பருவத்தில் 'ஆர்பிட்' என்று ஒரு பகுதி. பிளேக்கின் கூட்டாளிகளான ஏவானும் விலாவும் (விலா எலும்பு இல்லை, பெயரே அதுதான்) ஒரு சிறிய விண்வெளி ஓடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். எடை கூடுதல், மேலே எழும்ப முடியவில்லை. கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி எறிந்தாயிற்று. இன்னும் 70 கிலோ குறைய வேண்டும். எழுபது கிலோவில் என்ன இருக்கிறது என்று கத்துகிறான் ஏவான். ஓராக் என்கிற கணினி, ரயில் நேரம் சொல்வது போலச் சொல்கிறது: விலாவின் எடை 73 கிலோ.

ஏவான் ஒரு நொடி பேசாமல் நிற்கிறான். துப்பாக்கியை எடுக்கிறான். பிறகு அந்த இடுக்கு வழியெல்லாம் நடந்து, "விலா, கொஞ்சம் உதவி வேண்டும், எங்கே இருக்கிறாய்?" என்று தேன் தடவிய குரலில் கூப்பிடுகிறான். ஒரு மூலையில் ஒடுங்கி, சத்தம் வராமல் அழுதுகொண்டிருக்கிறான் விலா. இத்தனைக்கும் ஆன செலவு ஒரு நடைவழி, ஒரு மூலை, இரண்டு நடிகர்கள். ஏவானாக நடித்த பால் டாரோவின் குரலை மட்டும் கண்ணை மூடிக் கேட்டுப்பாருங்கள்.

கடைசியில் எடைக்குக் காரணம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கட்டி. அதற்குள், துளியே பயங்கரமாகக் கனக்கிற நியூட்ரான் நட்சத்திரத் துகள். ஏவான் அதைத் தரையோடு தரையாக முக்கி முனகித் தள்ளுகிறான். அது காசுக்கு ரெண்டு விற்கிற பிளாஸ்டிக் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் கட்டியைப் பார்க்கவில்லை. இந்த இரண்டு பேரும் நாளைக்கு ஒரே கப்பலில் எப்படி முகத்தில் முழிக்கப்போகிறார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சத்துக்குப் பாட்டுப் பாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மொத்தம் 52 பகுதி. அதில் கணிசமானவற்றை நானே ஓட்டிவிட்டுத்தான் பார்க்கிறேன். காசில்லாமல் எடுத்த குப்பை, காசு போட்டு எடுத்த குப்பையைவிட எந்த வகையிலும் மேலில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். கோடிகளைக் கொட்டுகிறவர் கதாநாயகனைச் சாக விடமாட்டார். அடுத்த பாகம் இருக்கிறது, பொம்மை இருக்கிறது, பனியன் இருக்கிறது. செத்தாலும் மூன்றாம் பாகத்தில் வேறு பிரபஞ்சத்திலிருந்து கூட்டிவந்துவிடுவார். போலீஸ் தொடரின் மிச்சக் காசில் எடுத்தவர்களுக்கு அந்தக் கவலையில்லை. தவிர, அது எழுபதுகளின் பிரிட்டன்: 1974இல் மின்சாரத்தை மிச்சப்படுத்த வாரத்துக்கு மூன்றே நாள் வேலை, 1976இல் சர்வதேச நிதியமான ஐஎம்எஃப்பிடம் கடன், 1978-79 குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம். எதிர்காலம் பளபளப்பாக இருக்கும் என்று அந்த ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது?

முடிவைப் பற்றி ஒரு திருத்தம். 1981 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் ஒளிபரப்பினார்கள். காட்டிக்கொடுத்துவிட்டான் என்று தவறாக நினைத்து, பிளேக்கை ஏவானே சுடுகிறான். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். சுற்றிலும் காவலர்கள். ஏவான் பிளேக்கின் உடலுக்கு மேல் கால் அகட்டி நின்று, துப்பாக்கியை உயர்த்தி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். படம் அறுந்து பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்குகிறது. சுடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

எல்லோரும் செத்துப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏவான் செத்ததை எங்கே பார்த்தீர்கள்?