மிளகாயில் ஆண் மலட்டுத்தன்மை: கேள்வி பதில்

கேள்வி: மேடம், செடி முழுக்கப் பூ வருது, அத்தனையும் உதிருது. இது ஆண் மலட்டுச் செடியா?

பெரும்பாலும் இல்லை. ஆண் மலட்டுச் செடி என்றால் மரபிலேயே நல்ல மகரந்தம் உண்டாகாத செடி. இரவு வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலும், பகலில் 35 டிகிரியைத் தொட்டாலும் நல்ல மிளகாய்ச் செடியின் மகரந்தமே கெட்டுவிடும். அது பருவத்தின் வேலை, மரபணுவின் வேலை இல்லை.

காலையில் அப்போதுதான் விரிந்த பூவை எடுங்கள். வளமான பூவில் மகரந்தப்பை பருத்து, பெரும்பாலும் ஊதா கலந்த நீலத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற நீளவாக்கில் வெடிக்கும். நகத்தில் தேய்த்தால் வெளிர்மஞ்சள் தூள் ஒட்டும். மலட்டுப் பூவில் அது மெலிந்து சுருங்கி இருக்கும், தூள் வராது. கறுப்புத் தாளில் தட்டிப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. ஒரு செடியில் ஐந்து பூவாவது பாருங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடியும், இன்னொரு வாரம் விட்டு மறுபடியும் பாருங்கள். ஒரே நாள் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: மரபணு மலட்டுத்தன்மை, சைட்டோபிளாச மலட்டுத்தன்மை என்று இரண்டு சொல்கிறார்களே, நடைமுறையில் என்ன வித்தியாசம்?

மலட்டுச் செடியை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் முழு வித்தியாசமும்.

முதல் வகையில், அதாவது மரபணு வகையில், காரணம் செல்லின் உட்கருவில் இருக்கும் ஒடுங்கு மரபணு. எம்எஸ் என்ற பெயரில் எண் போட்டு இவற்றைக் குறிப்பார்கள், மிளகாயில் பல உண்டு. இரண்டு பிரதியும் ஒடுங்கியதாக இருந்தால்தான் செடி மலடு. ஒரு பிரதியை ஒளித்து வைத்திருக்கும் வளமான சகோதரச் செடியின் மகரந்தத்தை மலட்டுச் செடிக்கு இட்டால், பிறப்பதில் பாதி மலடு, பாதி வளம். இந்த வகையில் நூற்றுக்கு நூறு மலடாக ஒரு வரிசையை (ஒரே குணமுள்ள செடிக் குடும்பத்தை) விதை மூலம் இப்படிக் கொண்டுபோக முடியாது.

இரண்டாவது வகையில் காரணம் உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. அது தாய் வழியாக மட்டும் வரும். மிளகாயில் இதை 1958-இல் பீட்டர்சன் விவரித்தார். இந்தியாவிலிருந்து சேகரிக்கப்பட்ட பிஐ 164835 என்ற பதிவெண் கொண்ட விதைதான் மூலம். அதன் மைட்டோகாண்ட்ரியாவில் காக்ஸ்2 என்ற மரபணுவின் வாலை ஒட்டி ஓஆர்எஃப்456 என்ற விபரீதத் துண்டு உட்கார்ந்திருக்கிறது. 2007-இல் அதை அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் புகுத்தியபோது அதுவும் ஆண் மலடானது. இதை அடக்க உட்கருவில் ஆர்எஃப் என்ற மீட்பு மரபணு வேண்டும், அது 6-ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

அதனால் இந்த வகையை வைத்து வீரிய ஒட்டு விதை எடுக்க மூன்று வரிசை தேவை. ஏ வரிசை என்பது மலட்டு சைட்டோபிளாசம் இருந்து மீட்பு மரபணு இல்லாதது. பி வரிசை உட்கருவில் ஏ-யின் அச்சு, ஆனால் சைட்டோபிளாசம் இயல்பானது. பி-யின் மகரந்தத்தை ஏ-க்கு இட்டால் எல்லாமே மலடு, அப்படித்தான் ஏ-யைப் பெருக்குகிறோம். ஆர் வரிசையில் மீட்பு மரபணு உண்டு. அதன் மகரந்தத்தை ஏ-க்கு இட்டால் வளமான வீரிய ஒட்டு கிடைக்கும்.

கேள்வி: வயலில் தற்செயலாக ஒரு மலட்டுச் செடி கிடைத்தது. எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கிளைத் துண்டுகளை வேர்விடச் செய்து காப்பாற்றுங்கள். பிறகு ஐந்தாறு வேறு வேறு ரகங்களின் மகரந்தத்தைத் தனித்தனிப் பூக்களுக்கு இட்டு, பழத்துக்குப் பழம் விதையைப் பிரித்து வையுங்கள். ஏதோ ஒரு ரகத்தோடு சேர்த்த சந்ததி மொத்தமும் மலடாக வந்தால் சைட்டோபிளாச வகை, அந்த ரகமே உங்கள் பி வரிசை. எல்லா ரகத்தோடும் வளமாகவே வந்தால் மரபணு வகையாக இருக்கலாம். நீங்கள் தேர்ந்த ரகங்கள் எல்லாவற்றிலும் மீட்பு மரபணு இருந்தாலும் இப்படித்தான் வரும். அதனால் கார ரகங்களோடு இரண்டு குடைமிளகாயும் சேருங்கள். குடைமிளகாயில் மீட்பு மரபணு பெரும்பாலும் இருக்காது.

பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பட்டையாகப் பார்க்கும் சோதனை) வசதி இருந்தால் சைட்டோபிளாசத்தை நாற்றிலேயே பார்த்துவிடலாம். ஏ, பி இரண்டின் டிஎன்ஏவையும் பக்கத்தில் ஓட்டாமல் பட்டையைப் படிக்காதீர்கள். மங்கலான பட்டையை வைத்துத் தீர்ப்பும் சொல்லாதீர்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய வீரிய ஒட்டிலிருந்து விதை எடுத்துப் போட்டால் முளைக்காதாமே?

முளைக்கும். ஆனால் குணங்கள் பிரியும். மேலே சொன்ன ஏ, ஆர் வரிசை முறையில் உண்டான ஒட்டு என்றால் ஏறக்குறைய நாலில் ஒரு செடி மலடாக வரும்.

கேள்வி: மரபணு மலட்டு வரிசையை வைத்து விதை உற்பத்தி செய்கிறோம். கலவன் (ஒட்டு அல்லாத வேற்று விதை) அதிகம் வருகிறது.

வளமான பாதியைப் பிடுங்குவதில் தாமதம் ஆகியிருக்கும். பெண் வரிசையில் இரட்டை அடர்த்தியில் நடுங்கள், பாதி போய்விடும். முதல் கவட்டில் வரும் பூ விரியும் நாளிலிருந்து தினமும் காலையில் ஒவ்வொரு செடியாகப் பாருங்கள். வளமான செடி ஒன்றே ஒன்று நான்கு நாள் நின்றாலும் தேனீ அதன் மகரந்தத்தை அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். கடைசி வளமான செடியைப் பிடுங்கிய அன்று, மிச்சமிருக்கும் மலட்டுச் செடிகளில் அதுவரை விரிந்த பூ, பிடித்த பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளி எறியுங்கள். இதைச் செய்யாததால்தான் பல இடங்களில் கலவன் வருகிறது.

கேள்வி: மலட்டுச் செடியில் காய் இருக்கிறதே! சின்னதாக, தட்டையாக.

அறுத்துப் பாருங்கள், விதை இருக்காது. மகரந்தம் இல்லாமலே பிடிக்கும் காய் அது.

கேள்வி: மேடம், நீங்கள் ஒரே மீட்பு மரபணு என்கிறீர்கள். எங்கள் இரண்டாம் தலைமுறையில் 48 செடியில் 33 வளம், 15 மலடு. இது 9:7-க்கும் பொருந்துகிறது. இரண்டு மரபணு சேர்ந்து வேலை செய்வதாகத்தானே அர்த்தம்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மரபணு என்றால் விகிதம் 3:1, எதிர்பார்ப்பது 36, 12. எதிர்பார்ப்புக்கும் எண்ணியதற்கும் உள்ள விலகலை அளக்கும் கை-வர்க்க (chi-square) மதிப்பு 1.0. 9:7 என்றால் எதிர்பார்ப்பது 27, 21. மதிப்பு 3.05. எல்லை 3.84, அதைத் தாண்டினால்தான் பொருந்தவில்லை என்று சொல்லலாம். இரண்டுமே பொருந்துகின்றன. 48 செடி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. 200 செடி வையுங்கள். உண்மை 3:1 என்றால் 9:7-இன் மதிப்பு 28-ஐ ஒட்டிப் போய்விடும்.

அதே உறுப்பினர்: ஆனால் இரண்டு மரபணு என்று முன்பே எழுதியவர்கள் உண்டு. குரோமோசோமில் சிறு விளைவுள்ள இடங்களும் காட்டியிருக்கிறார்கள்.

உண்டு, மறுக்கவில்லை. 6-ஆம் குரோமோசோமில் ஒரு பெரிய இடம், அதோடு சில சிறிய இடங்கள் என்று வரைபடங்கள் காட்டுகின்றன. சிறியவை மகரந்தத்தின் அளவைக் கூட்டும், குறைக்கும். செடி வளமா மலடா என்ற பெரிய கோட்டைப் போடுவது ஆர்எஃப். ‘இப்படிச் சிறிய மாற்றிகள் உண்டு’ என்பதும் ‘9:7’ என்பதும் ஒரே கூற்று இல்லை.

இன்னொரு உறுப்பினர்: அந்த 33-ஐ எந்த மாதம் எண்ணினார்கள்? குளிரில் மலட்டுச் செடியே கொஞ்சம் மகரந்தம் விடுமே.

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். சில பின்புலங்களில் இரவு குளிர்ந்தால் ஏ வரிசையே கசியும். பகுதி மீட்பு என்றும் ஒன்று இருக்கிறது. அதில் மகரந்தப்பை வெடித்தாலும் தூள் உதிராமல் சுவரிலேயே கட்டியாக ஒட்டியிருக்கும், நல்ல மணியும் செத்த மணியும் கலந்திருக்கும். கண்ணால் பார்த்து வளம், மலடு என்று இரண்டே பெட்டியில் போட்டால் இவை எந்தப் பெட்டிக்கும் போகும், விகிதம் குழம்பும். மகரந்தத்தை 1 சதவீத அசிட்டோகார்மைன் சாயத்தில் நனைத்து, நுண்ணோக்கியில் செடிக்கு மூன்று பூ, பூவுக்கு 100 மகரந்த மணி எண்ணுங்கள். சிவந்து உருண்டையாக இருப்பது நல்லது, நிறமேறாமல் சுருங்கியது செத்தது. வளம், பகுதி, மலடு என்று மூன்று பெட்டி வையுங்கள்.

கேள்வி: வீரிய ஒட்டு விதையை எடுத்து வைக்கலாமா?

மேலே சொல்லியாயிற்று. வைக்கலாம், பிரியும்.

கேள்வி: மலட்டு மிளகாயைச் சாப்பிட்டால் நமக்கும் மலட்டுத்தன்மை வருமா?

வராது. மகரந்தம் உண்டாகாதது அந்தப் பூவின் விஷயம்.

கேள்வி: நல்ல ரகம் ஒன்றை ஏ வரிசையாக மாற்ற எத்தனை பின்கலப்பு வேண்டும்?

பின்கலப்பு என்றால் மலட்டுச் சந்ததிக்கு மறுபடி மறுபடி அந்த ரகத்தின் மகரந்தத்தையே இடுவது. முதலில் அந்த ரகம் பி ஆக இருக்க வேண்டும், மீட்பு மரபணு இருந்தால் முயற்சியே வீண். பின்கலப்பு 5-இல் 98.4 சதவீதம், 6-இல் 99.2 சதவீதம் உட்கரு மாறிவிடும். ஆறு போதும். ஒவ்வொரு தலைமுறையிலும் குளிரிலும் வெயிலிலும் பூவைப் பார்த்து, கசியும் செடியைத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: காய் அழுகலுக்கு என்ன மருந்து?

இது என் துறை இல்லை. பயிர்நோய் அறிந்தவரிடம் கேளுங்கள்.

9:7 கேட்ட உறுப்பினர்: சரி மேடம், 200 செடிக்கு இடம் இல்லை. வேறு வழி?

சோதனைக் கலப்பு செய்யுங்கள். வளமான முதல் தலைமுறைச் செடியின் மகரந்தத்தை ஏ வரிசைக்கு இடுங்கள். ஒரு மரபணு என்றால் பாதி வளம், பாதி மலடு. இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்றால் நாலில் ஒன்றுதான் வளம். 60 செடியிலேயே 30-ஆ 15-ஆ என்று தெரிந்துவிடும். மூன்று பழம் எடுத்தால் விதை மிஞ்சும். பூ விரிவதற்கு முந்தின மாலையே பையால் மூடி, காலையில் மகரந்தம் இட்டு, நூல் கட்டித் தேதி எழுதுங்கள். சூல்முடியில் தூள் ஒட்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள்.