நல்ல பழத்தின் விதை ஏன் பேய்க்காட்டியது?

உரும்பிராயில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். போன முறை றெட் லேடி பப்பாசி விதை பைக்கற்றில் வாங்கி நட்டாராம், எல்லா மரமும் ஒரே மாதிரிக் காய்த்ததாம். அதில் ஆகப் பெரிய உருண்டைப் பழம் ஒன்றைத் தெரிந்து, விதையைச் சாம்பலில் பிரட்டிக் காயவைத்து, இந்த முறை 40 கன்று வைத்தார். 15 ஆண் மரம். காய்த்த 25இல் 14 மரத்துப் பழம் உள்ளே மஞ்சள். மருதனார்மடம் சந்தையில் வியாபாரி திரும்பியும் பார்க்கவில்லை. "ஐயா, நல்ல பழத்தின் விதையைத்தானே எடுத்தேன், எங்கே பிழை விட்டேன்? ஆண் மரத்துக்கு ஆணி அடித்தால் காய்க்கும் என்கிறார்கள், அடிக்கவா?"

தம்பி, முதலில் ஆணியைக் கீழே வையுங்கள்.

நீங்கள் பார்த்துத் தெரிந்தது பழத்தை. பழத்தின் சதை தாய் மரத்தின் உடம்பு. நிறம், இனிப்பு, பருமன் எல்லாம் தாயுடையது. உள்ளே கிடக்கிற கறுத்த விதைதான் பிள்ளை, அதற்குத் தகப்பன் ஒருவர் இருக்கிறார். அவர் யாரென்று பழத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. றெட் லேடியில் நீட்டுப் பழம் இருபாற் பூவில், அதாவது ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாக இருக்கிற பூவில் இருந்து வருவது, உருண்டைப் பழம் பெண் மரத்தில் இருந்து வருவது. பெண் பூவில் மகரந்தம் கிடையாது. ஆகவே நீங்கள் எடுத்த பழத்துக்கு மகரந்தம் கட்டாயம் வேறு மரத்தில் இருந்துதான் வந்திருக்க வேண்டும். உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், அல்லது பின் வளவுக் கிணற்றடியில், தானாக முளைத்த ஊர்ப் பப்பாசி ஆண் மரம் ஒன்று நீட்டுக் காம்பில் பூவைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். போய்ப் பாருங்கள்.

பார்க்காமலே இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உங்கள் கணக்குத்தான். பப்பாசியில் மஞ்சள் சதை ஆட்சியான இயல்பு, சிவப்பு பின்னிடைவானது. ஒவ்வொரு இயல்புக்கும் தாயிடம் இருந்து ஒன்று, தகப்பனிடம் இருந்து ஒன்று என்று இரண்டு பரம்பரையலகு பிள்ளைக்கு வருகிறது. இரண்டும் சிவப்பாக இருந்தால்தான் பழம் சிவக்கும், ஒன்று மஞ்சளாக இருந்தாலே பழம் மஞ்சள். றெட் லேடி சிவப்புப் பழம், அதனிடம் இருப்பது இரண்டும் சிவப்பு. ஆகவே றெட் லேடிக்குள் றெட் லேடி சேர்ந்தால் மஞ்சள் வரவே வழியில்லை. அதேபோல ஆண் கன்று பிறக்க ஆண் தகப்பன் வேண்டும், பெண் மரமும் இருபால் மரமும் சேர்ந்து ஆண் மரத்தைப் பெறாது. பெண்ணோடு ஆண் சேர்ந்தால் பிள்ளைகள் பாதி ஆண், பாதி பெண். உங்களிடம் ஆண் 15, மஞ்சள் பழம் காய்க்கிற மரம் 14. ஊர்த் தகப்பனின் பிள்ளைகள் ஏறக்குறைய 30 பேரும் அவ்வளவு துப்புரவாகப் பிரிந்து நிற்கிறார்கள். மிச்சம் 11 சிவப்பும் உங்கள் தோட்டத்து றெட் லேடியின் இருபால் மரத்துக்குப் பிறந்தவை. பிர்னோ நகரத்து மடத்துத் தோட்டத்தில் மெண்டல் பட்டாணியை எண்ணி, உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850 என்று எழுதிவைத்து, 1865இல் வாசித்தது இதே வகைக் கணக்குத்தான். 1900 வரை ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, அது வேறு கதை.

சரி, ஊர் ஆண் மரம் பக்கத்திலேயே இல்லாவிட்டால்? அப்போதும் முழுதாகத் தப்ப மாட்டீர்கள். றெட் லேடி எஃப் 1 கலப்பினம், இரண்டு தூய வரிசைகளைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை. முதல் தலைமுறையில் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், அடுத்ததில் கலைந்துவிடும். ஒன்று பெரிது, ஒன்று சின்னது, ஒன்று நோய்க்கு விழுந்துவிடும். இதைத்தான் சிலர் "கொம்பனிக்காரன் விதையை மலடாக்கிவிட்டான்" என்று சொல்லித் திரிகிறார்கள். மலடு என்றால் உங்களுக்கு 40 கன்று எங்கிருந்து வந்தது?

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. அடுத்த முறை உங்களிடம் "பெண் கன்று மட்டும் தருகிறேன், விலை கொஞ்சம் கூட" என்று ஒருவர் வருவார். வேர் இரண்டாகப் பிரிந்தால் பெண், விதை தண்ணீரில் தாழ்ந்தால் பெண், கடும் கறுப்பு என்றால் பெண் என்று கதை அளப்பார். அவ்வளவும் பொய். பூ வருமுன் ஆணா பெண்ணா என்று ஆய்வுகூடத்தில் பரம்பரையலகைப் பார்த்துச் சொல்லலாம், சைக்கிளில் பொலித்தீன் பை கட்டிக்கொண்டு வருகிறவர் அதைப் பார்த்திருக்க மாட்டார். விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கே ஒருவர் 20 "பெண் கன்று" விற்றார். ஒன்பது ஆண். வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதைவிட மோசம், உங்களைப் போலப் பழத்தில் எடுத்த விதையை மினுங்குகிற பைக்கற்றில் போட்டு எஃப் 1 என்று விற்பது. 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இருந்து என்ன, முறைப்பாடு கொடுக்கப் போனால் படிவம் முடிந்துவிட்டது என்பார்கள், படிவம் வந்தால் ஐயா கூட்டத்துக்குப் போய்விட்டார் என்பார்கள், அதற்குள் மரம் பூத்துவிடும். முத்திரை உடையாத பைக்கற், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, பற்றுச்சீட்டு. இவை இல்லாத விதையை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

ஆணிக்கு வருவோம். ஆணி அடித்த பிறகு காய்த்த மரத்தைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. சில ஆண் மரங்கள் குளிர் காலத்தில் நீட்டுக் காம்பின் நுனியில் ஒன்றிரண்டு இருபாற் பூவை விடும். அதில் கைவிரல் நீளத்தில் நாலைந்து காய் தொங்கும். மார்கழியில் அடித்திருப்பார், தையில் காய்த்திருக்கும், புகழ் ஆணிக்குப் போய்விட்டது. அடிக்காமல் விட்டாலும் அந்த மரம் காய்க்கும். வெயில் ஏறினால் திரும்பவும் வெறும் ஆண் பூத்தான். பூ மாறினாலும் பரம்பரையலகு மாறவில்லை. அந்தக் காயின் விதையைப் போட்டால், தன் மகரந்தத்திலேயே விளைந்திருந்தால், மூன்றில் இரண்டு பங்கு ஆணாகத்தான் முளைக்கும். இதன் மறுபக்கமும் உண்டு: நல்ல இருபால் மரம் நம்முடைய வைகாசி வெயிலில் சூலகம், அதாவது பூவில் காயாக மாறுகிற பகுதி, கருகி ஆண் மரம் போல நிற்கும். அதை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். அதன் பூ தண்டோடு ஒட்டி இருக்கும், ஆண் பூ நீட்டுக் கொத்தில் தொங்கும், பார்த்தாலே பிடிபடும்.

இப்போது செய்ய வேண்டியது: 15 ஆணையும் வெட்டலாம். சிவப்புப் பதினொன்றில் நீட்டுக் காய் காய்க்கிற மரம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், அதன் மகரந்தம் போதும். மஞ்சளை வீட்டுக்கும் அயலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், தின்ன ஒரு குறையும் இல்லை. சந்தைக்கு என்றால் ஒவ்வொரு முறையும் புது விதைதான். சொந்த விதைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், விவசாயத் திணைக்களம் பரிந்துரைத்த ரத்னா என்ற பப்பாசி இனத்தைப் போடுங்கள், அது கலப்பினம் அல்ல. அதிலும் இருபால் மரத்து மொட்டு ஒன்றை, விரியுமுன் கடதாசிப் பையால் மூடிக் கட்டி, காய் பிடித்த பிறகு அவிழ்த்துக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அந்த விதையில் ஒரு பெண்ணுக்கு இரண்டு இருபால் என்ற கணக்கில் வரும், ஆண் வராது. மொட்டைத் தெரிவது சுலபம்: பக்கத்து மொட்டு ஒன்றைப் பிடுங்கி நகத்தால் கீறிப் பாருங்கள், நடுவில் மெலிந்த சூலகமும் சுற்றி மஞ்சள் தூள் முடிச்சுகளும் இருந்தால் அது இருபால், வெறும் தடித்த குமிழ் மட்டும் என்றால் பெண். எதை நட்டாலும் கிடங்குக்கு மூன்று கன்று வைத்து, நாலைந்து மாதத்தில் பூவைப் பார்த்து ஒன்றை விட்டு மற்றதை எடுங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கத்து ஆண் மரத்தை வெட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டோடு கதைப்பது உங்கள் பாடு.