நிறுவனத்தை மாற்றினால் சிக்னல் சீராகுமா?

கேள்வி: வீட்டு முன்னறையில் போன் நான்கு கோடு காட்டுகிறது, உள்ளறைக்குப் போனால் பேச்சு பாதியில் அறுந்துவிடுகிறது. நிறுவனத்தை மாற்றினால் எல்லா இடத்திலும் சீரான சிக்னல் கிடைக்குமா?

பதில்: அப்படி எந்த நிறுவனத்தாலும் உறுதி தர இயலாது. கவரேஜ் வரைபடங்கள் பெரும்பாலும் கணினிக் கணிப்பில் வரையப்படுபவை. உங்கள் உள்ளறைச் சுவர் அவற்றில் இடம்பெறுவதில்லை.

முதலில் கோடுகளை விட்டுவிடுங்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது விதி கிடையாது. பல ஆண்ட்ராய்டு போன்களின் அமைப்புகளில், சிம் நிலை என்ற பகுதியில், டிபிஎம் (போனுக்கு வந்து சேரும் சிக்னல் ஆற்றலின் அலகு) அளவில் ஓர் எண் இருக்கும். 4ஜியில் அது -90 அளவில் இருந்தால் நல்லது. -115-ஐ நெருங்கினால் பேச்சு அறுவதில் வியப்பில்லை. இந்த அளவில் 10 குறைந்தாலே வந்து சேரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால், முன்னறையில் -95-ம் உள்ளறையில் -115-ம் காட்டினால், இடையில் உள்ள சுவர்கள் நூறில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடுகின்றன என்று பொருள். 700 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் சுவரை ஓரளவு ஊடுருவும். 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைகளோ கம்பி கட்டிய கான்கிரீட்டிலும் உலோகப் பூச்சுக் கண்ணாடியிலும் பெருமளவு வலுவிழக்கின்றன.

மறுமுனையில் பேசுபவரின் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்டு, உங்கள் குரல் மட்டும் அவருக்கு விட்டுவிட்டுக் கேட்கிறதா? கோபுரம் பல வாட் ஆற்றலில் அனுப்ப, போன் பொதுவாக 0.2 வாட் அளவில்தான் திருப்பி அனுப்புகிறது. ஆகவே பலவீனமான இடத்தில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் உங்கள் பக்கக் குரல்தான். டிபிஎம் எண் நன்றாக இருந்தும் மாலை நேரத்தில் மட்டும் இணையம் நகராமல் நின்றால், அது பெரும்பாலும் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் வரும் நெரிசலாகவே இருக்கும். அதற்குச் சிக்னலைக் கூட்டிப் பயனில்லை.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால், கோபுரத்துக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் பேச்சை அனுப்பும் வைஃபை அழைப்பு வசதியை இயக்குவதே எளிய தீர்வு. மின்சாரம் போனால் ரவுட்டரோடு அதுவும் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். இணையக் கடைகளில் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அனுமதியில்லாத பூஸ்டர் பல நாடுகளில் சட்டவிரோதம், அக்கம்பக்கத்தாரின் இணைப்பையும் அது கெடுக்கும்.

இவற்றுக்குப் பிறகும் மாற விரும்பினால், நீங்கள் மாற நினைக்கும் நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம் ஒன்றை இதே போனில் போட்டு, அதே உள்ளறையில், பகலிலும் மாலையிலும் சோதித்துப் பாருங்கள். ஒரே கோபுரத்தை இரு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அப்போது நிறுவனத்தின் பெயர் மாறினாலும் சிக்னலில் பெரிய மாற்றம் இராது. அடிக்கடி பயணம் செய்பவரானால், வெவ்வேறு கோபுரங்களை நம்பியிருக்கும் இரு நிறுவனங்களின் சிம்களை ஒரே போனில் வைத்துக்கொள்வது, ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுவதைவிடக் கூடுதல் பயன் தரும்.