சிரித்தால் நோய் இல்லையா?

கேள்வி: மூன்று வருடம் முன்பு என் கணவருக்கு டிப்ரஷன் வந்தது. விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார், சோறு இறங்காது, ஆள் பாதியாகிவிட்டார். மாத்திரையில் குணமானது. இப்போது கல்லூரியில் படிக்கும் மகள் தனக்கும் அதே நோய் என்கிறாள். ஆனால் பகலெல்லாம் தூங்குகிறாள், முன்னைவிட அதிகம் சாப்பிடுகிறாள், தோழிகள் வந்தால் சிரிக்கிறாள். இது சோம்பல்தானே? அவருடைய மாத்திரை மிச்சம் இருக்கிறது, கொடுத்துப் பார்க்கலாமா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஒன்றுகூட வேண்டாம்.

கணவருக்கு வந்ததை அளவுகோலாக வைத்துக்கொண்டு மகளைப் பார்க்கிறீர்கள். அவருக்கு வந்தது, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், மருத்துவர்கள் ‘மெலங்கலிக்’ என்கிற வகை. விடியும் முன்பே விழிப்பு, காலையில் பாரம் அதிகம், பசி செத்துப்போகும், நல்ல செய்தி வந்தாலும் முகம் மலராது. ‘அட்டிப்பிக்கல்’ என்று இன்னொரு வகை உண்டு. அதில் தூக்கமும் பசியும் கூடும். தலை சீவக் கையைத் தூக்க முடியாதபடி கைகால் ஈயமாகக் கனக்கும். யாராவது முகம் திருப்பினால் நாள்கணக்கில் சுருண்டு கிடப்பார்கள். ஆனால் மகிழ்ச்சியாக ஏதாவது நடந்தால் கொஞ்ச நேரம் மனம் மேலே வரும். இந்த வகைக்கு இருந்தே ஆகவேண்டிய அடையாளமே அதுதான். தோழிகள் வந்தபோது அவள் சிரித்ததை அவளுக்கு எதிரான சாட்சியாக வைக்காதீர்கள். 1959-லேயே லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வெஸ்ட், டாலி என்ற இரு மருத்துவர்கள் இப்படிப்பட்டவர்களைத் தனியாகக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். மின்அதிர்வு சிகிச்சையில் தேறாத அவர்களில் பலர் இப்ரோனியசிட் என்ற மருந்தில் தேறினார்கள்.

இந்த இரண்டு வகைக்குள்ளும் எல்லோரும் அடங்கிவிடுவதில்லை. அமெரிக்காவில் ‘ஸ்டார்-டி’ என்ற பெரிய சிகிச்சை ஆய்வில் சேர்ந்த 3,703 பேரின் அறிகுறிகளை ஃப்ரீட், நெஸ்ஸி என்ற ஆய்வாளர்கள் 2015-ல் பிரித்துப் பார்த்தார்கள். 1,030 விதமான சேர்க்கைகள் வந்தன! அதிகம் பேரிடம் இருந்த சேர்க்கைகூட நூற்றுக்கு இரண்டு பேரிடம் இல்லை. ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு மாதிரி, மகளுக்கு வேறு மாதிரி என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே ஆளுக்கும் இது காலத்தோடு மாறும். பிரசவத்துக்குப் பின் பதற்றமாக வந்தது, வயதான பிறகு உடம்பு வலியும் மறதியுமாக வரலாம். உங்கள் கணவருக்கே மறுபடி வந்தால், போன முறை போலத்தான் வரும் என்று இருந்துவிடாதீர்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். காலாவதித் தேதி இதில் சின்ன விஷயம். இளவயதில் தொடங்கும் மனச்சோர்வு சிலருக்கு பைபோலார் நோயின், அதாவது மனம் ஒரு காலம் சோர்ந்தும் ஒரு காலம் அளவுமீறிய உற்சாகத்திலும் இருக்கும் நோயின், முதல் முகமாக இருக்கும். அவர்களுக்கு டிப்ரஷன் மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் எதிர்க்கோடிக்கு எகிறிவிடலாம். தவிர, 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 முதல் எச்சரிக்கை அச்சிட வைத்திருக்கிறது. மருத்துவர் பார்த்துக் கொடுத்து, கூடவே கவனித்து வந்தால் பயப்பட வேண்டியதில்லை. அலமாரியிலிருந்து எடுத்து நாமே கொடுப்பதுதான் ஆபத்து.

‘எனக்கும் அதே’ என்று அவள் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். எத்தனையோ பிள்ளைகள் அதைச் சொல்வதே இல்லை. சோம்பேறி என்ற சொல்லை இன்றோடு விடுங்கள். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. கணவரின் பழைய மருந்துச்சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், குடும்பத்தில் யாருக்கு எது கேட்டது என்பது மருத்துவருக்கு உதவும். தூக்கமே இல்லாமல் அவள் ஓயாத உற்சாகத்தோடு திரிந்த நாட்கள் எப்போதாவது இருந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள். தைராய்டு, ரத்தசோகை பரிசோதனையும் கேளுங்கள், அவற்றாலும் இப்படி அசதி வரும். இடையில் ‘வாழப் பிடிக்கவில்லை’ என்ற பேச்சு அவள் வாயில் வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். நீங்களும் பேசலாம்.